மாலை போட்ட வருடத்து விரால்

அத்தான்,

ஆறு எம்.எம். ஆலன் கீ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். டூல் பெட்டியின் அடித்தட்டில் ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று உருண்டது. கறுப்பு உடம்பு, சாம்பல் மூடி. ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு வாங்கி, நீங்கள் தூண்டில் முள் போட்டு வைத்திருந்த டப்பாக்களில் ஒன்று. இது எப்படி ஒசூர் வரைக்கும் வந்தது என்று தெரியவில்லை. நான்தான் சொல்லாமல் எடுத்து வந்திருப்பேன். திறந்தால் ஐந்தாறு முட்கள் துருவேறி ஒரே கட்டியாகக் கிடந்தன. மூடிக்குள் மூக்கை வைத்தேன். காய்ந்த புழுவும் சேறும் கலந்த வாடை. இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை.

அன்று மதியமே அக்கா போன் பண்ணினாள். "ஏல, வடக்குக் கம்மா நெறஞ்சு மறுகால் பாயுது" என்றாள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் நான்தான் முதலில் வைக்கச் சொன்னேன்.

எனக்குக் கடிதம் எழுத வராது. இயந்திரத்தில் என்ன பழுது, என்ன காரணம் என்று ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். இதில் பழுது என்னுடையது. ஆகவே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஓட்டினீர்கள். இருட்டோடு கிளம்பி, கழுகுமலை ரோட்டில் ஊர் ஊராக நின்று ஹாரன் அடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு, எட்டு மணிக்குள் ஆபீஸ் வாசலில் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே ஊர்களில் கொண்டுபோய் விட வேண்டும். இடையில் பகல் முழுக்க உங்களுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் பஸ் கண்மாய்க் கரைகளை ஒட்டி வரும்போதெல்லாம் தானாக வேகம் குறையும். உங்கள் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். பின்னால் இருந்து பெண்கள் சத்தம் போடுவார்கள்: "டிரைவர் அண்ணாச்சி, தண்ணி கெடந்தா நாங்களே சொல்லுதோம். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வழியில் ஏழு கண்மாய். அதில் பெரியது வடக்குக் கண்மாய். கரையில் நின்றால் எதிர்க்கரை ஆள் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் அது நிறைவது அபூர்வம். நம் கரிசல் காட்டில் ஐப்பசி கார்த்திகை மழைதான் மழை. அது ஏமாற்றினால் கண்மாயில் கணுக்கால் தண்ணீர் கிடக்கும், மாசியில் அதுவும் வெடித்துப்போகும். நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் இரண்டு வருடம் அரைக் கண்மாய் பெருகியது. அதற்கே நீங்கள் எந்நேரமும் கரையில் கிடந்தீர்கள். விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வரும் என்னையும் இழுத்துக்கொண்டு போவீர்கள்.

எனக்கு அது ஒத்துவரவில்லை. மயிலிறகுத் தண்டுத் தக்கையைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். "புழுவும் செத்த நேரம் தண்ணிக்குள்ள இருந்து பாக்கட்டும் மாப்ள" என்பீர்கள். மூன்று மணி நேரத்தில் நாலு பனையேறிக் கெண்டை, ஒரு மீனுக்கு நாற்பத்தைந்து நிமிடம், இந்த நேரத்தில் பஜாருக்குப் போய் இரண்டு கிலோ வாங்கி வந்திருக்கலாம் என்று நான் கணக்குச் சொல்வேன். கெண்டையின் செவிள் முள் என் கையைக் கிழித்திருக்கும். நீங்கள் அதன் தலையை உள்ளங்கையில் அமுக்கி முள்ளைப் படுக்கவைத்துக் கழற்றியபடி சிரிப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது கெண்டை இல்லை, விரால். அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே தண்ணீர் வெளியே பாயும்போது மீன் எல்லாம் அந்த ஓட்டத்துக்கு எதிரே ஏறிவரும், அதைத் தின்ன விரால் வந்து கலுங்கு ஓரத்தில் காத்திருக்கும் என்று சொல்வீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் அப்படி ஒன்றைப் பிடித்ததாக ஒரு கதை வைத்திருந்தீர்கள். அக்கா அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். வருடா வருடம் அந்த விரால் கால் கிலோ கூடிக்கொண்டே போகிறது என்பாள்.

அப்புறம் என் கை போனது.

அதை அப்போது யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. மெஷின் கோளாறு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. மூடி திறந்திருந்தால் ஓடாது. அதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூடித் திறக்க நேரமாகிறது என்று நான்தான் அந்த ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு ஒயரைப் போட்டு ஏமாற்றி வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. வலது கையில் மூன்று விரல்களின் நரம்பு அறுந்தது. மதுரையில் ஆபரேஷன். தைத்தாயிற்று, மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கைத்தொழில் படித்தவனுக்குக் கை மடங்காவிட்டால் என்ன மிச்சம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் லீவு போட்டு என்னோடு பதினோரு நாள் இருந்தீர்கள். எனக்குப் பல் தேய்த்துவிட்டீர்கள். வேட்டி கட்டிவிட்டீர்கள். இடுப்பில் முடிச்சைச் செருகும்போது, "ஒங்க அக்காகிட்ட சொல்லிராத மாப்ள, எனக்கு இப்படிக் கட்டிவிடச் சொல்லி அவளும் ஆரம்பிச்சிருவா" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விட்டு விட்டு இருபது நாள் அடித்தது. ஏழு கண்மாயும் நிறைந்தது. வடக்குக் கண்மாய்க் கலுங்கில் தண்ணீர் விழும் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. அக்கா வீட்டில் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்த நான், இனி இந்த மனிதனை வீட்டில் பார்க்க முடியாது என்று நினைத்தேன்.

கார்த்திகை முதல் தேதி காலையில் நீங்கள் கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மணி மாலையுமாக வந்து நின்றீர்கள்.

அதற்கு முன் நீங்கள் மாலை போட்டதே கிடையாது. ஆபீஸில் மாலை போட்ட கிளீனரை, தை பிறந்ததும் இவன் எந்தக் கடையில் இருப்பான் என்று கேலி செய்த ஆள் நீங்கள். அதுவும் தை முதல் தேதி மலையில் ஜோதி பார்த்துவிட்டுத்தான் மாலையைக் கழற்றுவது என்று சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மார்கழி பாதியிலேயே கண்மாய் குத்தகைக்காரர் கைக்குப் போய்விடும், காவல் போட்டுவிடுவார்கள், அதன் பிறகு தூண்டிலோடு ஒருவனும் கரையேற முடியாது. மொத்தத்தில் தூண்டில்காரனுக்குக் கிடைப்பதே அந்த ஒன்றரை மாதம். "இத்தனை வருசம் கழிச்சுக் கம்மா நெறஞ்சிருக்கு, இந்த வருசமாப் பாத்து சாமியாராப் போறீங்களே. என்ன வேண்டுதல்?" என்று கேட்டேன். "வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது" என்றீர்கள். அக்கா அடுப்படியில் இருந்தாள். மீன்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளும் தெருவும் உங்களைச் சாமி என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் அத்தான் என்றே கூப்பிட்டேன். வேண்டுமென்றேதான்.

மறுநாளே பத்து மணிக்கு வந்து, "கெளம்பு, கலுங்குக்குப் போவோம்" என்றீர்கள். எதற்கு என்றேன். "நான் தொட மாட்டேன். நீ போடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்." மாலை போட்டவர் மீன் பிடிக்கிற இடத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். "குருசாமி கண்ணுல பட்டா அன்னைக்கோட தொலைஞ்சேன்" என்று சொல்லிவிட்டு செருப்பில்லாமல் முன்னால் நடந்தீர்கள். கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும். அடி வைக்க வைக்கக் கால் கனக்கும். இரண்டு கால்களிலும் கிலோ கணக்கில் சேற்றைத் தூக்கிக்கொண்டு போய் என்னிடமிருந்து நாலு எட்டு தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தீர்கள்.

தூண்டில் கம்பு, புழு, முள் எதையும் நீங்கள் தொடவில்லை. எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியிருந்தது. இடது கையால் கம்பைப் பிடித்தேன். "வலது கையில பிடி" என்றீர்கள். பிடிக்க முடியவில்லை என்றேன். "விழுந்தா எடுத்துக்கிடலாம், பிடி." விரல்கள் கட்டை மாதிரி நின்றன. கம்பு நழுவி விழும், எடுப்பேன், மறுபடி விழும். புழுவை முள்ளில் கோர்க்க ஒரு மணி நேரம் ஆனது. வாய்க்கு வந்ததைத் திட்டினேன். விரலுக்குப் பயிற்சி கொடுக்க டாக்டர் தந்த ரப்பர் பந்தை இரண்டாம் நாளே நான் கொல்லையில் விட்டெறிந்திருந்தேன். அது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

தினமும் போனோம். கிடைக்கும் கெண்டையை அங்கேயே ஆடு மேய்க்கிறவர்களிடம் கொடுத்துவிடுவோம், மாலை போட்ட வீட்டுக்கு மீன் வரக் கூடாது. நீங்கள் என் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உதடு ஏதோ முணுமுணுக்கும். சரணம் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். ஆசை அடங்காமல் என்னை வைத்துக் கண்ணாலேயே மீன் பிடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். நீங்கள் மறுக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள், குட்டித் தவளையைக் கோர்த்துக் கலுங்குச் சுவர் ஓரமாகப் போட்டிருந்தேன். தக்கை ஆடவே இல்லை. ஒரேயடியாக உள்ளே போனது. கம்பு வில்லாக வளைந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு தடவை புரண்டது. என் முழங்கை நீளம் இருக்கும். கறுத்த முதுகு, பாம்புத் தலை. உங்கள் கதையில் வருகிற அதே விரால். நான் வலது கையால் பிடித்திருந்தேன், இடது கையைக் கொடுக்க வழியில்லாதபடி சேற்றில் ஒருக்களித்து விழுந்திருந்தேன். நீங்கள் எழுந்து ஓடி வந்து இடுப்புத் தண்ணீரில் இறங்கினீர்கள். தூண்டில் நரம்பு உங்கள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் விறைத்து நின்றது. "பிடிங்க அத்தான், பிடிங்க" என்று கத்தினேன். உங்கள் கை நீண்டது. அப்புறம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். கம்பு என் கையை விட்டு உருவிக்கொண்டது. தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓடி, பாசிக்குள் போய்விட்டது.

நான் எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணு சாமியா இருங்க. இல்ல, மாலையக் கழத்தி எறிஞ்சிட்டு மீன் பிடிங்க. மாலையும் போட்டுக்கிட்டு மீனுக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையிறதுக்கு வெக்கமா இல்ல?"

இடுப்பளவு தண்ணீரில் கறுப்பு வேட்டி ஊதிக்கொண்டு மிதக்க நீங்கள் நின்றிருந்தீர்கள். முகத்தில் கோபம் இல்லை. கேட்டீர்கள்: "எம்புட்டு நேரம் பிடிச்சிருந்த தெரியுமா? நாப்பத்தி மூணு எண்ணுனேன்." போனது போயிற்று, அதை எண்ணி வேறு வைத்திருக்கிறீர்களா என்று சொல்லிவிட்டு நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். அதற்குப் பிறகு உங்களோடு கண்மாய்க்குப் போகவில்லை. தையில் நீங்கள் மலைக்குப் போய்விட்டு வரும்போது நான் மறுபடி வேலையில் சேர்ந்திருந்தேன். அக்கா அனுப்பிய அரவணைப் பிரசாதத்தை ரூமில் இருந்தவர்களே தின்று தீர்த்தார்கள்.

அடுத்த வருடம் மழை இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது, பிறகு சிறுநீரகம் என்று தெரிந்தது. பஸ்ஸை விட்டீர்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அளவு போட்ட பாட்டில் ஒன்றை வாங்கி அனுப்பியது நான்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சும்மா இருப்பீர்கள் என்று அக்கா சொன்னாள். போனில் நான், பொட்டாசியம் எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று கேட்பேன். நீங்கள், அங்கன மேகம் இருக்கா மாப்ள என்று கேட்பீர்கள். ஒசூரில் பெய்தால் கோவில்பட்டிக்கு என்ன என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். கடைசி ஐப்பசியில், "இந்த வருசம் பெய்யும்னு தோணுது. கார்த்திகையில லீவு போட்டு வாரியா, கலுங்கு வரைக்கும் என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்" என்று கேட்டீர்கள். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட் டவுன் வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்றேன். மழை பெய்யவில்லை. அதனால் நான் வராதது கணக்கில் வராமல் போயிற்று. பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாமான்களை ஒதுங்கவைக்கும்போது அந்தத் துளசி மாலை அக்கா கைக்கு வந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன், அந்த வருடம் அத்தான் என்ன வேண்டிக்கொண்டார் என்று. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியவே தெரியாதால? ஒன் கைக்குத்தான். மதுர ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சே வேண்டிக்கிட்டாவ."

அவளே சொன்னாள். "நானும்தான் சொன்னேன், கம்மா நெறையப் போவுது, அடுத்த வருசம் போடுங்களேன்னு. அடுத்த வருசம்தான் வெரலு மடங்கும்னா நானும் அடுத்த வருசம் போடுதேன்னாவ. ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாவ. சொன்னா அவன் சிரிப்பான், சிரிச்சாலும் பரவால்ல, கம்மாய்க்கு வர மாட்டான்னாவ."

பிறகு, "தெனமும் வந்து சொல்லுவாவ. இன்னைக்குப் பத்து எண்ணுற வரைக்கும் கம்பப் பிடிச்சிருந்தான், இன்னைக்குப் பதினேழுன்னு. அன்னைக்கு வேட்டியெல்லாம் நனைய வந்து நின்னு நாப்பத்தி மூணுன்னாவ. இந்த மனுசன் மூஞ்சி அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்றாள்.

நீங்கள் தக்கையைப் பார்க்கவே இல்லை, அத்தான். நான்தான் மூன்று வாரமும் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நரம்பைத் தைத்தது டாக்டர். ஆனால் அந்த மார்கழியில் மதுரைக்குக் கை காட்டப் போனோமே, அது நினைவிருக்கிறதா? டாக்டர் என் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். தைத்ததோடு விட்டிருந்தால் ஒட்டி இறுகிப்போயிருக்கும், தினமும் யாரோ விடாமல் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், யார் செய்தது என்று கேட்டார். "யாரும் இல்லை சார், சும்மா மீன் பிடிச்சேன்" என்றேன். நீங்கள் செருப்பில்லாத காலோடு, கறுப்பு வேட்டியில், கதவோரம் நின்றிருந்தீர்கள். டாக்டர் உங்களைப் பார்த்தார். "ஆமா சாமி, மீன்தான் பிடிச்சான்" என்றீர்கள்.

கலுங்கில் அன்று கத்தியதைக்கூட, கோபத்தில் சொன்னது என்று ஒதுக்கிவைக்க முடிகிறது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாக, உண்மை என்று நினைத்துச் சொன்னேன். ஸ்பேனரைப் பிடிக்கிற ஒவ்வொரு நாளும் அந்த 'யாரும் இல்லை சார்' என்னோடுதான் வருகிறது. அதை இறக்கிவைக்க இடம் தெரியவில்லை.

அக்கா போன் பண்ணிய மூன்றாம் நாள், இந்தக் கார்த்திகையில், லீவு போட்டுவிட்டு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஷட் டவுன் வேலை இப்போதும் இருந்தது, அது நான் இல்லாமலே நடந்தது. நேற்றும் இன்றும் கலுங்கில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் சுவர் தாண்டி விழுகிறது. வரிசையாக ஆட்கள், மூங்கில் கம்பும் பையுமாக. கயத்தாறில் இருந்தெல்லாம் சைக்கிளில் வந்திருக்கிறார்கள். என் பக்கத்தில் ஒரு பெரியவர் கெண்டையாக எடுத்துக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக நான் வெறுங்கையோடு இருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. தன் இரண்டாவது கம்பை என் பக்கம் நீட்டினார்.

"போடுங்க தம்பி. விரால் ஏறுது. இதவிட்டா எப்பமோ."

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "எங்க அத்தான் மாலை போட்டிருக்காவ."

அவர் கம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீன் பையையும் எடுத்து, என் காலில் படாதபடி அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.